முனியாண்டி கோயில் செம்பனை

முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் நிற்கும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, இந்த மாதம் முதல் குலை போட்டுப் பழுத்திருக்கிறது. அது யாரும் நட்ட மரமில்லை. ஆலைக்குப் போகிற லாரியிலிருந்து சிந்திய உதிரிப் பழம் ஒன்று வாய்க்காலோரம் ஒதுங்கித் தானே முளைத்தது. தோட்டத்துக்குள் என்றால் இப்படி முளைக்கும் கன்றுகளை மருந்தடித்து அழித்துவிடுவார்கள். கோயில் எல்லைக்குள் வேர்விட்டதால் தப்பித்தது. வெள்ளிக்கிழமை விளக்குப் போட வரும்போதெல்லாம் அம்மா அதற்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார்.

"பழத்த வெட்டிப் பாரும்மா, என்னா சாதின்னு தெரியட்டும்" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்றுதான் வெட்டினேன். வெட்டும்போது மனசுக்குள் ஓடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பல வருடமாகச் சொல்ல நினைத்து, சொல்ல ஆளில்லாமல் வைத்திருந்த விஷயம் இது.

நான் மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் விதை உற்பத்திப் பிரிவில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். செம்பனையில் ஒரே மரம் கொஞ்ச காலம் ஆண் பூங்குலையும் கொஞ்ச காலம் பெண் பூங்குலையுமாக மாற்றி மாற்றி விடும். பெண் பூங்குலை விரிவதற்கு ஒரு வாரம் முன்பே பை போட்டுக் கட்டிவிடுவோம். விரிந்ததும், பதிவேட்டில் எழுதியிருக்கும் அப்பன் மரத்தின் மகரந்தத்தை டால்க் மாவில் கலந்து, பையில் சின்ன ஓட்டை போட்டு ஊதி, ஓட்டையை ஒட்டிவிடுவோம். பைக்குள் ஒரு வண்டு புகுந்திருந்தாலும் அந்தக் குலை எங்களுக்கு வேண்டாம். ஐந்தாறு மாதத்தில் குலை பழுக்கும். ஆயிரத்துக்கும் மேலே கொட்டை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தாய் எண், தகப்பன் எண் உண்டு.

இதே வேலையைத்தான் அம்மா 1970களில் வேறு விதமாகச் செய்தார். அப்போது செம்பனைக்குச் சரியான மகரந்தச் சேர்க்கை இந்த நாட்டில் இயற்கையாக நடக்கவில்லை. பெண்கள் நிரை நிரையாக நடந்து, விரிந்த பூங்குலையைத் தேடித் தேடிப் பொடியை ஊத வேண்டும். அம்மா அதைப் பொடி என்றுதான் சொல்வார். பிறகு ஆர்.ஏ. சையது என்ற பூச்சியியலாளர், ஆப்பிரிக்காவில் செம்பனைப் பூவிலேயே வாழும் கூன்வண்டு ஒன்றுதான் அங்கே இந்த வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்தார். கேமரூனிலிருந்து அதைக் கொண்டுவந்து 1981-இல் விட்டபோது, முதலில் விட்ட இடங்களில் ஒன்று எங்கள் குளுவாங் வட்டாரம். ஆண் பூ மலரும்போது சோம்பு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்குத்தான் வண்டு வரும். கொஞ்ச நாளில் கையால் ஊதும் வேலை நின்றது. அம்மா உதிரி பொறுக்கப் போனார். இன்றைக்கும் சோம்பு வறுக்கிற வாசனை வந்தால் அம்மா அந்த நிரைகளைப் பற்றித்தான் பேசுவார்.

நான் இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அம்மா ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரே ஆத்தா, ஒரே அப்பன், ஒரே குலை. அதுல இருக்கிற கொட்டையெல்லாம் ஏன் ஒரே மாதிரி மரமா வர்றதில்ல?"

அந்தக் கேள்வியை அப்படியே கொண்டுபோய் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன். நடத்திய அதிகாரி, "பை கட்டுறவங்களுக்கு அது தேவையில்ல" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அன்று ரயில்வே ஸ்டேஷன் காப்பிக் கடையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தேவையா இல்லையா என்று முடிவு செய்ய அவர் யார் என்றுதான் தோன்றியது. பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் படிப்பில் உயிரியல் படித்தவள் நான். தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அம்மாவின் கேள்விக்கு முதல் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. செம்பனையின் ஒவ்வொரு செல்லிலும் பதினாறு ஜோடிக் குரோமோசோம். ஜோடியில் ஒன்று தாய் தந்தது, ஒன்று தகப்பன் தந்தது. மகரந்தமோ சூலோ உண்டாகும்போது குன்றல் பகுப்பு நடக்கிறது, அதாவது மியாசிஸ். ஜோடி பிரிந்து பாதியாகிற சடங்கு அது. பிரிவதற்கு முன் இரண்டும் அருகருகே படுத்து, தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. இதற்குக் குறுக்கே கலத்தல் என்று பெயர். அதனால்தான் பாட்டியின் துண்டும் தாத்தாவின் துண்டும் ஒரே குரோமோசோமில் ஒட்டியபடி பேரப்பிள்ளைக்குப் போய்ச் சேருகின்றன. இரண்டு குரோமோசோம்கள் நிஜமாகவே துண்டு மாற்றிக்கொள்வதை 1931-இல் ஹாரியட் கிரெய்ட்டனும் பார்பரா மெக்ளின்டாக்கும் மக்காச்சோளத்தில் காட்டினார்கள். இரண்டு பெண்கள், ஒரு சோளக்கதிர். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் மறக்கமாட்டேன்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இரண்டாவது பதில்தான். இந்த மாற்றிக்கொள்ளல் எத்தனை முறை நடக்கும், குரோமோசோமில் எந்த இடத்தில் நடக்கும் என்பது எல்லாச் செடிக்கும் ஒரே அளவு இல்லை. அதுவும் பரம்பரையாக வருகிற குணம். உயரமும் எண்ணெய் அளவும் ஓட்டின் தடிமனும் எப்படி அப்பன் ஆத்தாளிடமிருந்து வருகிறதோ, அப்படியே எவ்வளவு கலப்பது என்பதும் வருகிறது. சீட்டுக்கட்டோடு சேர்த்து, அதைக் கலைக்கிற கையையும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது விதை எண்ணுகிற வேலை. அராபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்தில் ஒரு சின்னக் களைச்செடி. ஐந்தே ஜோடிக் குரோமோசோம். ஒரு குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஒளிரும் மரபணுக்களை வைத்துவிடுகிறார்கள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இரண்டுக்கும் நடுவில் மாற்றம் நடக்காவிட்டால் இரண்டு நிறமும் சேர்ந்தே போகும், அல்லது இரண்டுமே போகாது. நடுவில் மாறியிருந்தால் சிவப்பு மட்டும், பச்சை மட்டும் உள்ள விதைகள் கிடைக்கும். அவற்றை எண்ணினால் போதும், கணக்குத் தெரிந்துவிடும். கேம்பிரிட்ஜில் இயன் ஹென்டர்சன் ஆய்வுக்கூடத்தில் பியோத்ர் ஜியோல்கோவ்ஸ்கியும் மற்றவர்களும் கொலம்பியா, லாண்ட்ஸ்பெர்க் என்ற இரண்டு வகைகளைக் கலந்து, அவற்றின் பிள்ளைகளில் இப்படி எண்ணினார்கள். சில செடிகள் அதிகமாக மாற்றிக்கொண்டன, சில குறைவாக. அந்த வித்தியாசத்தின் வேரைத் தேடிப் போனபோது எச்.இ.ஐ.10 என்ற மரபணு அகப்பட்டது. இரண்டு வகையிலும் அந்த மரபணு இருக்கிறது, ஆனால் எழுத்து கொஞ்சம் வேறு. 2017-இல் இதை வெளியிட்டார்கள். அதே மரபணுவைக் கூடுதலாக இன்னும் சில பிரதிகள் செடிக்குள் வைத்தபோது, குறுக்கே கலத்தல் இரண்டு மடங்குக்கும் மேலே போனது.

எச்.இ.ஐ.10 புரதம் என்ன செய்கிறது? எங்கள் ஊரில் சாயங்கால மழை விட்டதும் துணிக்கொடிக் கம்பியைப் பாருங்கள். முதலில் கம்பி முழுக்கப் பொடிப்பொடியாகத் துளிகள். கொஞ்ச நேரத்தில் சின்னத் துளியின் தண்ணீர் பெரிய துளியிடம் போய்ச் சேர, தூரம் தூரமாக நாலைந்து கொழுத்த துளிகள் மட்டும் மிஞ்சும். குரோமோசோம் நெடுக இந்தப் புரதமும் முதலில் நிறையச் சின்னப் புள்ளிகளாக இருந்து, பிறகு சில பெரிய புள்ளிகளாகத் திரள்கிறது. பெரிய புள்ளி நின்ற இடத்தில் மாற்றம் நடக்கிறது. ஒரு மாற்றம் நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று நடப்பது அரிது என்று நூறு வருடமாகத் தெரிந்திருந்ததற்கு 2021-இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தினர் இப்படிக் காரணம் சொன்னார்கள். புரதம் அதிகமிருந்தால் மிஞ்சும் பெரிய துளிகளும் அதிகம். அதனால்தான் பிரதி கூடினால் கணக்கும் கூடுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. குன்றல் பகுப்பின்போது செடி தன் டிஎன்ஏ-வைத் தானே நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அறுத்துக்கொள்கிறது. அராபிடாப்சிஸில் அத்தனை அறுப்பில் சுமார் பத்துதான் துண்டு மாற்றமாக முடிகிறது. மற்றதெல்லாம் சத்தமில்லாமல் ஒட்டப்பட்டுவிடும். ஒட்டுகிற வேலையில் இருக்கும் மரபணுக்கள் ஒருவகையில் பிரேக். பிரான்சில் வெர்சாய் ஆய்வகத்தில் ரஃபேல் மெர்சியே குழுவினர் 2012-இல் ஃபான்க்எம் என்ற பிரேக்கைக் கண்டார்கள். பிறகு ரெக்கியூ4, ஃபிஜெல்1 இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டபோது மாற்றங்கள் ஏறக்குறைய எட்டு மடங்காகின. ரெக்கியூ4-ஐ மட்டும் நெல்லிலும் தக்காளியிலும் பட்டாணியிலும் எடுத்துப் பார்த்து, சுமார் மூன்று மடங்கு கூடியதை 2018-இல் சொன்னார்கள். இவை மனிதர் கை வைத்தவை. மனிதர் கை படாமலே பிரிட்டிஷ் தீவுகளில் வளரும் சில அராபிடாப்சிஸ் செடிகளில் டாஃப்4பி என்ற மரபணு பாதியில் அறுந்துகிடக்கிறது. அந்தச் செடிகள் மற்றவற்றைவிடக் குறைவாகவே மாற்றிக்கொள்கின்றன. குறைவு என்றாலும் ஜோடிக்கு ஒன்றாவது வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் ஜோடி ஒழுங்காகப் பிரியாது, மகரந்தம் கெட்டுப்போகும்.

இதுவரை சொன்னது கலைக்கிற கையைப் பற்றி. கலைக்கப்படுகிற சீட்டும் பேசும். ஒரு குரோமோசோமில் ஒரு நீளத் துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தால், ஜோடியின் இரண்டு பக்கமும் அங்கே சரியாகப் பொருந்தாது. பிள்ளைகளில் அந்தப் பகுதிக்குள் கலப்பே தெரியாது, மொத்தமாக ஒரே கட்டாகப் போகும். அராபிடாப்சிஸின் நாலாவது குரோமோசோமில் அப்படி ஒரு திருப்பம் உண்டு. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹோல்கர் புக்டா குழுவினர் அதை கிரிஸ்பர் என்ற டிஎன்ஏ வெட்டும் கருவி கொண்டு வெட்டி நேராகத் திருப்பினார்கள். பூட்டிக் கிடந்த பகுதியில் மறுபடியும் கலத்தல் நடந்தது. 2020-இல் அதைப் படித்த இரவு நான் கண் கலங்கினேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

தக்காளியில் இதன் கஷ்டத்தை விவசாயிகள் அனுபவித்திருக்கிறார்கள். வேரில் முடிச்சு விழவைக்கும் நூற்புழுவைத் தாங்கும் மரபணு ஒன்றை 1940களில் ஒரு காட்டுத் தக்காளியிலிருந்து கொண்டுவந்தார்கள். அது தனியாக வரவில்லை. சுற்றியிருந்த காட்டுக் குரோமோசோம் துண்டையும் கூட்டிக்கொண்டு வந்தது. காட்டுத் துண்டும் தோட்டத் துண்டும் ரொம்ப வேறாக இருந்ததால் அங்கே மாற்றம் நடக்க மறுத்தது. வேண்டாததை வெட்டிவிட வழியில்லாமல் பல தலைமுறைச் செடிகள் சுமந்தன.

இனி எங்கள் மரம். மலேசியத் தோட்டங்களில் தாயாக இருக்கும் டெலி டூரா என்ற வகை மரங்கள் அத்தனையும், 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நட்ட நாலு கன்றுகளின் வாரிசு. நாலே நாலு. அங்கிருந்து சுமத்ராவின் டெலிக்குப் போய், சாலையோர அழகு மரமாக நின்று, பிறகு இங்கே வந்தவை. 1917-இல் ஹென்றி ஃபோகோனியர் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் முதல் வணிகச் செம்பனையை நட்டதும் இந்தக் குடும்பத்திலிருந்துதான். டூராவின் கொட்டை ஓடு தடிமன். பிசிபெராவுக்கு ஓடே இல்லை, ஆனால் பெண் பூ பெரும்பாலும் மலடு. இரண்டையும் சேர்த்தால் வருவது டெனெரா, மெல்லிய ஓடு, முப்பது சதவீதம் வரை கூடுதல் எண்ணெய். இந்த ஓட்டுக் கணக்கை 1941-இல் காங்கோவில் பெர்னாரும் வாண்டர்வெயனும் விளக்கினார்கள். அதன் மரபணுவை 2013-இல் மலேசிய செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நான் பை கட்டுவது டூரா தாய்க்கு, ஊதுவது பிசிபெரா பொடியை.

இப்போது என் மனசில் உள்ளதைச் சொல்கிறேன். டெலி டூராவின் சூலிலும் குன்றல் பகுப்பு நடக்கிறது, அங்கேயும் துண்டு மாறுகிறது. ஆனால் நாலு மரத்துக்குள்ளேயே சுற்றிவந்த குடும்பத்தில், ஜோடியின் இரண்டு பக்கமும் பல இடங்களில் ஒன்றேபோல் இருக்கின்றன. ஒரே சேலையில் இரண்டு துண்டு வெட்டி இடம் மாற்றித் தைத்தால் அதே சேலைதான். கை கலைக்கிறது, சீட்டில் வித்தியாசமில்லை.

டெனெராவில் அப்படி இல்லை. அதன் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பக்கம் போகோர் வழி வந்த டெலி, மறுபக்கம் ஆப்பிரிக்காவிலிருந்து வேறு வழியாக வந்த பிசிபெரா. அங்கே துண்டு மாறினால் நிஜமாகவே புதிது பிறக்கும். இந்த நாடு முழுக்க நிரை நிரையாக நிற்பது டெனெராதான். ஒவ்வொரு பழத்துக்குள்ளும் இருக்கும் கொட்டையில் அந்தப் புதிய கலப்பு இருக்கிறது. அத்தனையும் ஆலைக்குப் போய் நீராவியில் வெந்து, பிழியப்பட்டு, கொட்டை உடைபடுகிறது. ஒன்றும் நடப்படுவதில்லை. நடவும் கூடாது, ஏனென்றால் கால் பங்கு டூராவாகவும் கால் பங்கு பிசிபெராவாகவும் பிரிந்துபோகும், தோட்டக்காரனுக்கு நட்டம். ஆராய்ச்சித் திடலில் டெனெராவோடு டெனெரா சேர்ப்பதும் உண்டு, நான் ஊதும் பிசிபெரா அப்பன்கள் அப்படி வந்தவைதான். ஆனால் அது கை நிறைய, இது லாரி நிறைய.

அப்பா பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். அவர் வெட்டிய ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரக மரங்கள் எல்லாம் ஒட்டுக்கன்று. ஜாவா மரமான ஜிர் 1-க்கும் பிராங் பெசார் தோட்டத்து பிபி 86-க்கும் பிறந்த ஒரே ஒரு மரத்தின் நகல்கள். அந்தப் பிராங் பெசார்தான் இன்றைய புத்ராஜெயா. ஒட்டில் குன்றல் பகுப்பே கிடையாது. ஒரு முறை நல்லபடியாகக் கலைந்த சீட்டை அப்படியே வைத்துக்கொள்வது அது. செம்பனையோ விதையில் போகிற மரம், ஒவ்வொரு விதையும் புதுக் கலைப்பு.

செம்பனையில் ஒரு தலைமுறையை நட்டு, காய்க்கவைத்து, வருடக்கணக்காக எடை எழுதி, அடுத்த ஜோடியைத் தேர்ந்தெடுக்கப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. 1848 முதல் இன்றுவரை எத்தனை தலைமுறைத் தேர்வு நடந்திருக்கும் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றிலும் குரோமோசோம் ஜோடிக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ மாற்றம், அதிலும் ஒரு மகரந்தத் துகளுக்குப் போய்ச் சேருவது சராசரியாகப் பாதி. அமெரிக்கச் செம்பனையிடம் குட்டை உடம்பு இருக்கிறது, எண்ணெய் குறைவு. குட்டையை எடுத்துக்கொண்டு குறையை விட்டுவர வேண்டுமென்றால் சரியான இடத்தில் துண்டு மாற வேண்டும். ஒரு முறை தவறினால் இன்னொரு பத்து வருடம். ஆகவே அப்பன் ஆத்தா மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது குலை எடையோடு சேர்த்து, அது எவ்வளவு கலைக்கிற மரம் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தக் குணத்துக்கும் மரபணு இருக்கிறது என்று ஒரு களைச்செடியில் காட்டியாகிவிட்டது. பிள்ளைகளின் டிஎன்ஏ அடையாளங்களைப் பார்த்து, தாயின் துண்டு எங்கே முடிந்தது, எங்கே மாறியது என்று எண்ணவும் முடியும். இது பை கட்டுகிறவளுக்குத் தேவையானதுதான்.

சரி, நேற்றைய பழம்.

பெரிய கத்தியை வைத்து நடுவில் அழுத்தி வெட்டினேன். டெனெராவாக இருந்தால் மெல்லிய ஓட்டைச் சுற்றிக் கறுப்பு நார்ப்புள்ளிகள் வளையமாகத் தெரியும். வளையம் இல்லை. ஓடு என் சுண்டுவிரல் நகத்தின் பாதி அகலத்துக்குத் தடித்திருந்தது.

"டூராம்மா" என்றேன்.

"அப்ப அந்த நாலு மரத்துப் புள்ளையா?"

ஓட்டு மரபணு இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் டெலி வழி வந்தவை, அதுவரை சொல்லலாம் என்றேன். அதே குரோமோசோமில் கொஞ்சம் தள்ளிப் போனால் ஆப்பிரிக்கத் துண்டு ஆரம்பித்திருக்கலாம், எந்த இடத்தில் என்று கத்தி காட்டாது. அம்மா வெட்டிய பாதியைக் கையில் வைத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குலையிலிருந்து மூன்று பழத்தைப் பிய்த்து, சதையைச் சுரண்டி, கொட்டையைக் கழுவினார். மைலோ டின்னில் மண் போட்டு ஊன்றினார். சூடு காட்டாமல் இது லேசில் முளைக்காது, மாதக்கணக்காகும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே தண்ணீர் தெளித்தார்.

வேலையிடத்துப் பழக்கத்தில் மார்க்கர் எடுத்து டின்மேல் எழுதிவைத்தேன். தேதி. தாய்: முனியாண்டி கோயில், டூரா. தகப்பன் எண்ணுக்கு நேரே இடம் விட்டிருக்கிறேன்.